வேலு நாச்சியார் வேஷம் போட்டாச்சு, பக்கத்து ஊரு அக்காவ எப்ப கூப்பிடப் போறீங்க?

மார்ச் 8, மகளிர் தினம் வந்துட்டா எங்க பக்கம் ஸ்கூல்ல வேலு நாச்சியார் வேஷம் போட ஒரு பொண்ண புடிச்சிருவாங்க. அட்டைக்கத்தி, ஜிகினா கிரீடம், கைதட்டல். தப்புன்னு சொல்ல மாட்டேன், சிவகங்கைச் சீமைக்காரங்க நாம, பறிபோன நாட்ட 1780ல திரும்பப் புடிச்ச ராணி, பெருமை இருக்கத்தான் செய்யும். ஆனா வேஷத்த கலைச்சிட்டு அந்தப் புள்ள வீட்டுக்குப் போனா கொடத்த தூக்கிட்டு தண்ணிக்கு நிக்குது, தம்பி போன்ல கேம் ஆடுறான். ராணிக்கும் அவளுக்கும் நடுவுல எரநூறு வருஷம் கெடக்கு, அந்த எடத்துல நிக்க ஒரு ஆளு வேணும்.

நான் காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்துல டியூஷன் எடுக்குறேன், சனிக்கிழமை சாயந்தரம் மட்டும் பாடத்த மூடி வச்சிட்டு யாராச்சும் ஒரு அக்காவ கூப்பிட்டு திண்ணையில உக்கார வச்சி பேச விடுறது. ஆறேழு வருஷமா செஞ்சதுல எது எடுபட்டுச்சு எது எடுபடலங்கறத சொல்றேன், உங்க ஊர்லயும் செஞ்சு பாருங்க.

மொதல்ல ஆளு. ரொம்பப் பெரிய ஆளா தேடாதீங்க. ஒரு தடவ நான் அப்படித்தான் பெரிய பதவில இருக்கற ஒருத்தங்கள கெஞ்சிக் கூத்தாடி கூட்டிட்டு வந்தேன், ஒன்றரை மணி நேரம் பேசுனாங்க, புள்ளைங்க பாதி தூங்கிருச்சு, மீதி அவங்க சேலைய பாத்துட்டு இருந்துச்சு. அதுக்கடுத்த வாரம் அதே ஸ்கூல்ல படிச்சு, அதே டவுன் பஸ்ல தொங்கிட்டுப் போயி நர்ஸ் ஆன அக்கா வந்துச்சு, எட்டு மணி ஆகியும் யாரும் எந்திரிக்கல. அஞ்சாறு வயசு மூத்தவளா இருந்தாலே போதும். சீக்ரில (காரைக்குடியில இருக்கற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம்) ரிசர்ச் பண்ற அக்கா, கரண்டாபீஸ் அக்கா, போஸ்டாபீஸ் அக்கா, விஏஓ, கொட்டான் (ஓலைக் கூடை) பின்னி தானே வெலை பேசி விக்கிற அக்கா, எல்லாரும் ஆளுதான். அரியர் வச்சு பாஸ் பண்ணவங்க கெடைச்சா விடவே விடாதீங்க, கோல்டு மெடல் அக்காவ விட அவங்க பேச்சுதான் புள்ளைங்களுக்கு ஒட்டும்.

அடுத்தது கேள்வி, பாதி வேலை இதுலதான் இருக்கு. "நீங்க எப்படி சாதிச்சீங்க"ன்னு மட்டும் கேக்க விட்றாதீங்க, அதுக்கு "கடின உழைப்பு"ன்னு ஒரு வார்த்தைதான் பதிலா வரும். முன்னாடி நாளே புள்ளைங்கள சீட்டுல கேள்வி எழுத சொல்லுங்க, பேரு போட வேணாம். வீட்டுல யாரு வேணாம்னு சொன்னாங்க, அவங்கள எப்படி சம்மதிக்க வச்சீங்க? பீஸ் யாரு கட்டுனா? ஹாஸ்டல்ல மொத வாரம் அழுதீங்களா? பீரியட்ஸ் நேரத்துல அவ்ளோ தூரம் பஸ்ல எப்படிப் போனீங்க? பத்தாவதுல கணக்குல எவ்ளோ மார்க்? ஒரு சீட்டுல "உங்க சம்பளம் யாரு கையில இருக்கு"ன்னு எழுதியிருந்துச்சு. அந்த நர்ஸ் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "ஏடிஎம் கார்டு எங்கப்பாட்ட இருந்துச்சு, கேட்டு வாங்க ரெண்டு வருஷம் ஆச்சுடி"ன்னு சொல்லுச்சு. அன்னைக்கு அந்த ஒரு பதில் போதுமா இருந்துச்சு.

பெரிய ஆளுங்க கதைய சொல்லவே கூடாதுன்னு இல்ல, எங்கேருந்து ஆரம்பிக்கிறோம்னு ஒண்ணு இருக்கு. முத்துலட்சுமி ரெட்டிய "முதல் பெண், முதல் பெண்"னு பட்டியல் போட்டா பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துருவாங்க. 1886ல புதுக்கோட்டையில பொறந்த புள்ள, இங்கேருந்து ஒரு மணி நேர பஸ்தான், மகாராஜா காலேஜ்ல எடம் கேட்டப்ப பொண்ணு வந்தா பசங்க கெட்டுருவாங்கன்னு எதிர்ப்பு கெளம்புச்சு, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ராஜா சேக்க சொன்னதாலதான் கதவு தெறந்துச்சுன்னு அங்கேருந்து சொல்லுங்க. அந்தப் புள்ளதான் 1912ல டாக்டர், 1927ல சென்னை மாகாண சட்டசபை உறுப்பினர், 1954ல அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. சொல்லி முடிச்சிட்டு "உன் காலேஜ் வாசல்ல யாரு மறிச்சிக்கிட்டு நிக்கிறா"ன்னு கேளுங்க. எங்க திண்ணையில வந்த பதிலு மாமா, ஹாஸ்டல் பயம், "அவ்ளோ தூரமா". அதே மாதிரி சூரியன ஆராய இஸ்ரோ அனுப்புன ஆதித்யா எல்1 விண்கலத்தோட திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரங்க, திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவங்க. நம்ம காரைக்குடியிலயும் அழகப்பா இன்ஜினியரிங் காலேஜ் 1952லேருந்து நிக்குது, புள்ளைங்கள ஒரு நாள் அந்த கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயி காட்டுங்க.

வீட்டுக்குள்ளயும் ஆளு இருக்கு, நாம கேக்குறதில்ல. 1990கள்ல புதுக்கோட்டை பக்கம் அறிவொளிங்கற எழுத்தறிவு இயக்கத்துல ஒரு லட்சம் பொம்பளைங்க வரைக்கும் சைக்கிள் கத்துக்கிட்டாங்க, ஊரே கேலி பண்ணுச்சு, லேடீஸ் சைக்கிள் கெடைக்காம ஜென்ஸ் சைக்கிள்ல ஏறுனாங்க. அதுல யாராச்சும் உங்க புள்ளையோட அப்பத்தாவா இருக்கலாம். அதே போல செட்டியார் வீட்டு ஆம்பளைங்க பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனப்ப இந்தப் பெரிய வீட்டையெல்லாம் கட்டி ஆண்டது ஆச்சிங்கதான. பக்கத்துல வயசான ஆச்சி இருந்தா கணக்கு எப்படி பாத்தாங்கன்னு கேட்டுட்டு வர சொல்லுங்க. அப்படியே "நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க ஆச்சி"ன்னும் கேக்க சொல்லுங்க, அந்தப் பதில நாம வெளக்க வேண்டியதில்ல.

தம்பி அண்ணன்களையும் கூப்பிடுங்க, பின்னாடி உக்காரட்டும். ஒரு வாரம் காலையில எந்திரிச்சதுலேருந்து வீட்டுல யாரு என்ன வேலை செஞ்சாங்கன்னு நோட்டுல எழுத சொன்னேன், ஒரு பையன் நோட்டு முக்காவாசி வெறும் பேப்பர், அவனே சிரிச்சிட்டான். இப்ப பாத்திரம் கழுவுறானான்னு தெரியல, அவங்கம்மா திட்டுறது கொறைஞ்சிருக்கு.

பேப்பர் வேலை சுருக்கமா. அரசுப் பள்ளியில 6லேருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ் சேந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா, அவ பேருலயே பேங்க் அக்கவுண்ட் வேணும், இப்பவே தெறந்து வைங்க. வீட்டுல மொத பட்டதாரின்னா அந்த சர்டிபிகேட்டுக்கு இ-சேவையில முன்கூட்டியே போடுங்க, கவுன்சிலிங் நேரத்துல அலைய முடியாது. 18 ஆகறதுக்குள்ள கல்யாணப் பேச்சு காதுல விழுந்தா 1098க்கு, குழந்தைங்க உதவி எண்ணுக்கு, போன் போடுங்க, அந்த நம்பர மட்டும் எல்லா நோட்டு பின்னட்டையிலயும் எழுதிருங்க.

கடைசியா ஒண்ணு, வர்ற அக்காவுக்கு சால்வை போட்டு போட்டோ எடுக்காதீங்க, அவங்க லீவு போட்டு வந்துருக்காங்க. ஒரு தட்டுல சீயம் (நம்ம ஊரு பலகாரம்) வைங்க, பஸ் காசு குடுங்க, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குன்னு பாத்து அதுக்கு முன்னாடி எழுப்பி விட்ருங்க, எங்க புள்ளைங்க ஸ்டாப் வரைக்கும் கூடவே போகும், மிச்ச கேள்வியெல்லாம் அந்த ரோட்டுலதான் வரும்.