புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை: எந்த நாளில் கொடுப்பது?

கருமுட்டை வெளியேறியதா என்று அறிய, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் சோதனை இது. இதற்கு ‘21ஆம் நாள் டெஸ்ட்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்குகிறது. அந்த 21 என்பது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்கான கணக்கு.

கருமுட்டை வெளியேறியதும் அது இருந்த நீர்ப்பை ‘கார்பஸ் லூட்டியம்’ என்ற சுரப்பியாக மாறுகிறது. புரோஜெஸ்டிரோன் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் வளர்த்து வைத்த கர்ப்பப்பை உள்சுவரைக் கரு ஒட்டும் பக்குவத்துக்குக் கொண்டுவருவது இதன் முக்கிய வேலை. முட்டை வெளியேறி ஏறக்குறைய 7 நாளில் உச்சத்தைத் தொடும். கரு தங்காவிட்டால் அளவு சரியும், உதிரப்போக்கு தொடங்கும்.

ஆகவே முன்னோக்கி எண்ணாதீர்கள். அடுத்த மாதவிலக்கு வரவேண்டிய தேதியிலிருந்து 7 நாள் பின்னால் போங்கள். 35 நாள் சுழற்சி என்றால் 28ஆம் நாள். முதல் நாள் என்பது நன்றாக உதிரம் படத் தொடங்கிய நாள். முன்னே லேசாகப் பட்ட கறை கணக்கில் வராது. தேதி ஒழுங்கில்லாதவர்கள், முட்டை வெளியேறப்போவதை முன்கூட்டிக் காட்டும் எல்.எச். ஹார்மோன் சிறுநீர்க் கிட்டைப் பயன்படுத்தலாம். அது பாசிட்டிவ் காட்டிய 7 அல்லது 8ஆம் நாள் ரத்தம் கொடுத்தால் போதும். வெறும் வயிறு தேவையில்லை.

ரிப்போர்ட் வந்ததும் வேலை முடியவில்லை. அடுத்த மாதவிலக்கு என்று வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் நாள் சரி. இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் சீக்கிரமே எடுத்துவிட்டீர்கள். குறைந்த அளவை வைத்து முட்டை வெளியேறவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். சில லேப்கள் நானோமோல் அலகில் தரும். நானோகிராம் எண்ணை 3.18ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். இந்த ஹார்மோன் சீராகச் சுரப்பதில்லை, விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரக்கும். ஒரே நாளில் சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு ரத்தமே பெரிய வித்தியாசம் காட்டலாம். 8 வந்தது, 14 வரவில்லை என்று கலங்குவதில் பொருளில்லை.

முடிவைக் குழப்பும் மருந்துகளும் உண்டு. முடி, நகத்துக்காக அதிக அளவில் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் சில கருவிகளில் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். புரோஜெஸ்டிரோன் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்தான டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரையோ இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. பெண்ணுறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் கர்ப்பப்பைக்கு நேரடியாகப் போய்ச் சேர்வதால், ரத்தத்தில் குறைவாகத் தெரிந்தாலும் அங்கே போதுமான அளவு இருக்கலாம். எந்த மருந்து, எப்போதிருந்து என்று ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.