பற்றியதும் அணைந்த ஃபர்னஸ்: என் அனுபவம்

வீட்டைச் சூடாக்கும் எங்கள் கேஸ் ஃபர்னஸுக்கு வயதாகிவிட்டது. குளிர் ஆரம்பித்ததும் புதிதாக ஒரு சேட்டை: பர்னர்கள் பற்றும், சில விநாடிகளில் பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி பற்றும், அணையும். அப்புறம் முரண்டு பிடித்து நின்றுவிடும்.

இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபிளேம் சென்சார். தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி அது. தீ வழியாக மைக்ரோஆம்பியர் கணக்கில் மின்சாரம் பாய்ந்தால்தான் தீ எரிகிறது என்று கன்ட்ரோல் போர்டு நம்பும். இல்லாவிட்டால் கேஸ் வால்வை மூடிவிடும். கரண்டையும் கேஸையும் நிறுத்திவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றிக் கம்பியை உருவினேன். மேலே வெளிறிய படலம். மெல்லிய ஸ்டீல் உல்லால் பளபளக்கும்வரை தேய்த்தேன். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், கம்பியில் கீறல் விழும்.

சரி, தீ நின்று எரிந்தது. ஆனால் ஓரத்து பர்னர் மட்டும் தாமதமாக, 'டுப்' என்ற சத்தத்தோடு பற்றியது. பக்கத்து பர்னரிலிருந்து தீ தாவும் இடுக்கில் துரு அடைத்திருந்தது. பிரஷ்ஷால் தேய்த்து, வேக்குவமால் உறிஞ்சினேன். இப்போது எல்லாம் நீலமாக, ஒன்றாகப் பற்றுகின்றன.

பிளோயர் (சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் விசிறி) ஓட ஆரம்பித்ததும் தீ அலைபாய்ந்தால் கை வைக்காதீர்கள். தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதியான ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கலாம். அதன் வழியாகக் கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதற்கு வாசனை கிடையாது. ஃபர்னஸை நிறுத்திவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.