காய்ச்சலோடு வார்டுக்குப் போகலாமா? நர்சிங் மாணவர்கள் செய்யும் தவறுகள்

ஹாஸ்டலில் எழும்போதே உடம்பு கொதிக்கும். ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு, கொண்டை போட்டு, ஏழு மணிக்கு வார்டில் போய் நிற்போம். நானும் நின்றவள்தான். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமி தொண்டையிலேயே இருக்கும். மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு போங்கள். வாந்தி, பேதி என்றால் அது நின்று 48 மணி நேரம்.

பயமெல்லாம் அட்டெண்டன்ஸ்தான். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பரீட்சை எழுத 80 சதவீதம் வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் போஸ்டிங், அதாவது வார்டில் பார்க்க வேண்டிய பயிற்சி டியூட்டி, 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். அந்த நூறைப் பார்த்துதான் பலர் மிரள்கிறார்கள். லீவே போடக்கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை. விட்ட நாளைப் பிறகு பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் ஊருக்குப் போனபின் தனியாக டியூட்டி பார்ப்பது எரிச்சல்தான், மறுக்கவில்லை.

அம்மை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். ரூம்மேட்டுக்குப் போட்டிருக்கிறது, உங்களுக்கு இதுவரை வந்ததில்லை, ஊசியும் போடவில்லை என்றால், நன்றாக இருக்கிறோமே என்று பிரசவ வார்டுக்குப் போய்விடாதீர்கள். 10 முதல் 21 நாளுக்குள் உங்களுக்கும் வரலாம். கர்ப்பிணிக்கும் பச்சிளம் குழந்தைக்கும் அது சாதாரண அம்மை அல்ல. முதலிலேயே டியூட்டரிடம் சொன்னால் போஸ்டிங்கை மாற்றித் தருவார்கள்.

"மேடம்கிட்ட சொல்லிடுடி" என்று தோழியிடம் விட்டுவிடுவது அடுத்த தவறு. அவள் மறந்துபோவாள். உங்கள் பெயரில் ஒதுக்கிய நோயாளிக்கு எட்டு மணி ஆன்டிபயாடிக் தள்ளிப்போகும். டியூட்டி தொடங்கும் முன் நீங்களே போன் செய்யுங்கள்.

சரி, வார்டில் இருக்கும்போதே தலை சுற்றினால்? சமாளிக்கப் பார்க்காதீர்கள். நோயாளிக்குப் போடும் இன்சுலினையே உதாரணமாகப் பாருங்கள்: நம்மூரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. சிரிஞ்சில் சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கண் இருட்டும் நேரத்தில் இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டாஃபைக் கூப்பிடுங்கள், கொடுத்தது எது, பாக்கி எது என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு உட்காருங்கள். சொல்லாமல் ஹாஸ்டலுக்கு நழுவினால், ஒரே மருந்து இரண்டு முறை போய்விடும்.

அப்புறம், வார்டு டிரேயிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வது, ரூம்மேட்டை வைத்து அறையிலேயே டிரிப் ஏற்றிக்கொள்வது. இதெல்லாம் வேண்டாம். ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பாருங்கள். லீவு கேட்கும்போது அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள்.