ஆன்லைனில் தொழில் தொடர்பு: நம் கடற்கரைக்காரர்கள் ஆரம்பத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் ஒரு அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதுல நானூறு பேருக்கு மேல சேத்துட்டேன். ஒரு கிலோ கருவாடு கூட இது மூலமா போகல. என்ன தப்புன்னு பாரு."

தொழில் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இனில் அவருடைய கணக்கு. மேலே பெரிதாகப் பாம்பன் புது ரயில் பாலம். ஆள் பெயர் வர வேண்டிய இடத்தில் கடைப் பெயர். அதற்குக் கீழே 'தரமான கடலுணவு ஏற்றுமதியாளர்' என்று ஒரு வரி. அக்கா ஏற்றுமதி செய்வதில்லை. நெத்திலிக் கருவாடு போட்டு உள்ளூரிலும் மதுரைக் கடைகள் சிலவற்றுக்கும் கொடுக்கிறார். முப்பது வருடமாக மீன் உலர்த்திய கை. அந்தக் கைக்குத் தெரிந்த எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பலருடைய பக்கங்களில் இதையேதான் பார்க்கிறேன். கருப்பட்டி, முண்டு மிளகாய், கடல்பாசி, தங்கும் விடுதி என்று தொழில்தான் வேறு, தவறுகள் பெரும்பாலும் ஒன்றுதான். நானும் இவற்றில் சிலவற்றைச் செய்து நஷ்டப்பட்டவன்.

ஆள் யாரென்று தெரியாத பக்கம்

லிங்க்ட்இனில் தனிக் கணக்கு வேறு, நிறுவனப் பக்கம் வேறு. தனிக் கணக்கை ஒரு மனிதர் தன் சொந்தப் பெயரில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. கடைப் பெயரில் திறந்தால் ஒருநாள் கணக்கே முடங்கலாம். முதலில் உங்கள் பெயரில் கணக்கு, அப்புறம் அதிலிருந்து கடைக்கு ஒரு பக்கம்.

2025 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலம் அழகுதான், எனக்கும் பெருமைதான். ஆனால் டாக்ஸிக்காரரிலிருந்து லாட்ஜ்காரர் வரை எல்லாரும் அதையே போட்டால் உங்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? அந்த இடத்தில் உங்கள் உலர்களத்தையோ பனங்காட்டையோ போடுங்கள். சின்னப் படத்தில் உங்கள் முகம் தெளிவாகத் தெரியட்டும். முகம் போடத் தயங்கும் பெண்கள் வேலை செய்யும் கைகளையாவது போடலாம்.

'ஏற்றுமதியாளர்' என்ற சொல்லை ஆசைக்காகப் போடாதீர்கள். ஏற்றுமதிக்கு, மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் (டிஜிஎஃப்டி) தரும் ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும். கடலுணவு என்றால் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பெடாவில் பதிவு வேண்டும், மிளகாய் என்றால் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் சான்று வேண்டும். விவரம் தெரிந்தவர் முதலில் ஐஇசி எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்ப்பார். அங்கே பொய் தெரிந்துவிட்டால் மேற்கொண்டு பேச்சே இருக்காது.

'தரமான பொருள்' என்று மட்டும் சொல்வது

எனக்குத் தெரிந்து ஆளை அதிகம் இழக்க வைப்பது இந்தத் தவறுதான். நேரில் வந்தால் வாங்குகிறவர் கருவாட்டை முகர்ந்து பார்ப்பார், கிள்ளிப் பார்ப்பார், மணல் இருக்கிறதா என்று கையில் தேய்த்துப் பார்ப்பார். ஆன்லைனில் அவருக்கு மூக்கும் இல்லை, கையும் இல்லை. அவர் தொட்டுத் தெரிந்துகொள்வதை நீங்கள் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

அக்காவிடம், "கருவாடு நல்லா காய்ஞ்சிருக்குன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்தார். டக்கென்று முறிந்தது. இன்னொரு குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார். அது முறியாமல் வளைந்தது. "இதுக்கு இன்னும் ஒரு வெயில் வேணும். இப்பவே மூட்டை கட்டினா பூஞ்சை பிடிச்சிரும்." மண்ணில் கொட்டாமல் கட்டையடித்து, வலை விரித்து, அதன்மேல் உலர்த்துகிறார். மணல் ஒட்டாது, அடியிலும் காற்று போகும். உப்பு சேர்ப்பதில்லை.

அவர் மீனை ஒடித்துக் காட்டியதைப் பத்து விநாடி வீடியோவாக எடுத்தோம். கீழே நான்கு வரி: எந்த ஊர் மீன், எதன்மேல் உலர்த்தியது, உப்பு உண்டா, எத்தனை நாளைக்குத் தாங்கும். தமிழிலேயே எழுதினோம். வாங்கப் போவது மதுரைக்காரரும் திருச்சிக்காரரும் என்றால் தமிழில் எழுதக் கூச்சம் எதற்கு?

மிளகாய்க்கும் இப்படித்தான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்தது. உடனே வேறு ஊர் உருண்டை மிளகாய்க்கெல்லாம் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள். புவிசார் குறியீட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு விண்ணப்பியுங்கள். அதுவரை எந்த ஊர்க் காடு, எந்த மாதம் பறித்தது, களத்தில் எத்தனை நாள் காய்ந்தது என்று உள்ளதை எழுதுங்கள். கடல்பாசி வாங்குகிறவர் பெயரைவிட ஈரப்பதத்தைத்தான் கேட்பார். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும் என்பது அவருக்கும் தெரியும். பாசியில் எந்த வகை, மரிக்கொழுந்தா, கஞ்சிப்பாசியா, மிதவையில் வளர்த்த கப்பாபைகஸா என்பதைச் சொல்லாமல் 'கடல்பாசி கிடைக்கும்' என்று போட்டால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே செய்தி

ஆரம்பத்தில் நான் ஒரே வாசகத்தை அறுபது எழுபது பேருக்கு ஒரே இரவில் அனுப்பினேன். 'வணக்கம் சார், எங்களிடம் தரமான கருவாடு மொத்த விலையில் கிடைக்கும், தொடர்புகொள்ளவும்.' பதில் எழுதியவர் ஒருவர் கூட இல்லை. லிங்க்ட்இனில் புது ஆட்களுக்கு இணைப்பு அழைப்பு அனுப்பவும் சில நாட்களுக்கு முடியாமல் போனது. முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று கூடையை இறக்குகிற மாதிரிதான் அது இருந்திருக்கும். இப்போது இப்படி எழுதுகிறேன்:

'வணக்கம் சார். மதுரையில் உங்கள் இரண்டாவது கடையைத் திறந்த செய்தியைப் பார்த்தேன், வாழ்த்துகள். நான் மண்டபத்தில் கருவாடு தொழிலில் இருக்கிறேன். உங்கள் வாடிக்கையாளர்கள் தலை நீக்கிய நெத்திலி கேட்கிறார்களா, முழுசாகக் கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.'

இதில் விற்பனைப் பேச்சே இல்லை. அவரால் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி மட்டும்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் இப்படி எழுத முடியாது, அந்த மூன்று போதும். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் அழைப்போடு குறிப்பு சேர்க்க மாதத்துக்குச் சில வாய்ப்புகள்தான் தருகிறார்கள், அதனால் யாருக்கு எழுதுகிறோம் என்று யோசித்தே எழுத வேண்டும்.

ஒரே செய்தியைப் பட்டியலிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டை நம்பி ஏமாறுகிறவர்களும் அதிகம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பட்டியல் செய்தி போய்ச் சேரும். அதனால் முதலில், "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க அண்ணே" என்று கேளுங்கள். வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக், அதாவது பொருள் பட்டியல், போடும் வசதி இருக்கிறது. படம், அளவு, விலையை அங்கே ஒருமுறை ஏற்றிவிட்டால் தினமும் எல்லாருக்கும் படம் அனுப்ப வேண்டியதில்லை.

கடலைக் கேட்காமல் வாக்குக் கொடுப்பது

சில வருடங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரரோடு ஆன்லைனில் நல்ல பழக்கம் ஏற்பட்டது. மே மாதம் இருநூறு கிலோ கேட்டார். சந்தோஷத்தில் சரி என்றுவிட்டேன். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் போகும்தான், ஆனால் வருகிற மீன் பச்சை மீனாகவே நல்ல விலைக்குப் போய்விடும், உலர்த்துவதற்கு மிஞ்சாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆர்டரை விட மனமில்லை. கடைசியில் நாற்பது கிலோதான் அனுப்ப முடிந்தது. அவர் சத்தம் போடவில்லை. "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று ஒரே ஒரு செய்தி. அதோடு தொடர்பு நின்றுவிட்டது. இன்றைக்கும் அவருக்கு எழுதக் கை வரவில்லை.

அப்புறம்தான் ஒரு பருவ அட்டவணை எழுதி என் பக்கத்தில் மேலேயே வைத்தேன். தடைக்காலம் எப்போது, ஐப்பசி கார்த்திகை மழையில் ஏன் கருவாடு சரியாகக் காயாது, எந்த மாதங்களில் இருப்பு இருக்கும் என்று எல்லாம் அதில் இருக்கும். வியாபாரம் குறையும் என்று பயந்தேன். நடந்தது வேறு. கடைக்காரர்கள் மார்ச்சிலேயே வாங்கி இருப்பு வைக்க ஆரம்பித்தார்கள். கருப்பட்டிக்காரர்களும் இதைச் செய்யலாம். பதநீர் இறங்கும் மாதங்கள் எவை என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வருடம் முழுக்கப் 'புதுக் கருப்பட்டி' என்று விளம்பரம் போட்டால் விவரம் தெரிந்தவருக்குச் சந்தேகம்தான் வரும்.

வரக்கூடாத விசாரணைகள்

உங்கள் பக்கத்தில் ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை என்று ஊர்ப் பெயர் இருந்தால், என்றாவது ஒருநாள் வெளிநாட்டு எண்ணிலிருந்து காய்ந்த கடல் அட்டை கிடைக்குமா என்று கேட்டு வரும். கடல் குதிரையும் கேட்பார்கள். சொல்லும் விலை தலை சுற்ற வைக்கும். கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தவை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். 'விசாரித்துச் சொல்கிறேன்' என்றுகூடப் பதில் எழுதாதீர்கள், அந்த வரி உங்கள் போனில் கிடக்கும். பவளப்பாறையைக் கேட்டாலும் இதே பதில்தான். இதில் மாட்டிக்கொண்டு அலையும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல பையனின் தொழில் ஆரம்பத்திலேயே முடிந்துபோவது தாங்க முடியாதது.

பண மோசடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை. 'ஸ்கேன் செய்து பின் போட்டால் அட்வான்ஸ் வந்துவிடும்' என்று எவர் சொன்னாலும் அவர் திருடர். பெரிய ஆர்டர் என்றால் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு அரசுத் தளத்தில் பெயரைச் சரிபாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் போலி.

வாங்குகிறவரை மட்டும் தேடுவது

கீழக்கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இலங்கை, மலேசியா, வளைகுடா என்று போய் வியாபாரம் செய்தவர்கள். அங்கே ஒரு பாய் சொன்னார்: "எங்க வாப்பா காலத்துல சரக்குக்கு முன்னாடி ஆள் போகும், ஆளுக்கு முன்னாடி கடுதாசி போகும்." இன்னார் சொல்லி அனுப்பினார் என்ற அறிமுகம்தான் அன்றைய மூலதனம். லிங்க்ட்இனில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் '2' என்று தெரிந்தால், உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பொது ஆளிடம் போன் போட்டு, "எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேளுங்கள். நேராக அழைப்பு அனுப்புவதைவிட இது எத்தனையோ மடங்கு மேல்.

வாங்குகிறவரைத் தவிர மற்றவர்களையும் தேடுங்கள். பேக்கிங் பொருள் செய்கிறவர், குளிர்சாதன வண்டி வைத்திருப்பவர், இதே தொழிலை நாகப்பட்டினத்தில் செய்கிறவர், ஆராய்ச்சியாளர்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையிடமே மண்டபம்தான், இப்போதும் மையம் இங்கே இயங்குகிறது. நம் கடலைப் பற்றி அங்கே இருப்பவர்கள் எழுதுவதைப் படித்து, நமக்குத் தெரிந்ததை ஒரு வரி கீழே எழுதினால், நம்மைத் தெரிந்தவர்கள் கூடுவார்கள். போட்டிக்காரரோடு பேசுவதும் நல்லதுதான். என்னிடம் இல்லாத சாளைக் கருவாட்டுக்குத் தொண்டிக்காரர் ஒருவரைக் கைகாட்டிவிட்டேன், அவர் நெத்திலி கேட்பவர்களை என்னிடம் அனுப்புகிறார்.

அக்காவின் பக்கத்தில் இப்போது அவர் பெயரும் உலர்களமும் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பத்து விநாடி வீடியோவைப் பார்த்துத் திருச்சியிலிருந்து ஒருவர், "மாதிரிக்கு ரெண்டு கிலோ அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்டேன், போனைக் காட்டினார்.

'வணக்கம் சார். இப்ப தடைக்காலம். கையில இருக்கிறது பழைய இருப்பு, அதை உங்களுக்கு அனுப்ப மனசு வரல. ஜூன் 15-க்கு மேல புது மீன் வரும். காய வெச்சு மாசக் கடைசில அனுப்புறேன். உங்க முகவரி மட்டும் குடுங்க.'