கரன்ட் பில் தப்பாக வந்தால் நாம் செய்யும் தவறுகள்

கரன்ட் பில் எகிறிவிட்டால் நம் கண் முதலில் போவது ரூபாய்க்குத்தான். அந்தச் சூட்டோடு ஈபி ஆபீஸுக்குப் போய் நின்றால், உள்ளே இருப்பவர் சொல்லப்போவதும் தெரிந்ததுதான்: "ஏசி ஓடியிருக்கும் சார்." அதற்கு மேல் நம்மிடம் பேச்சு இருக்காது. தொகையைப் பார்த்தோமே தவிர, ரீடிங்கைப் பார்க்கவில்லை.

தொகை என்பது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. அது தப்பாவது அபூர்வம். தப்பு பெரும்பாலும் அதற்குள் போகும் எண்ணில் இருக்கும். போன தடவை ரீடிங் 4816, இந்தத் தடவை 6148 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1332 யூனிட். மீட்டரைப் போய்ப் பார்த்தால் 5148 ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையில் 332 யூனிட்தான். 5 போட வேண்டிய இடத்தில் 6. மீட்டரில் இருப்பதே பதிவான எண்ணைவிடக் குறைவு என்பதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பில் வந்த அன்றே மீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள். மீட்டர் எண்ணும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும். மூன்று நாள் கழித்து எடுத்தால் படத்தின் பலம் பாதியாகிவிடும்.

சிலர் "அடுத்த தடவை தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். சரியாகாது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். இரண்டு மாதக் கணக்கில் முதல் சில யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக மேலே போகும். அந்த 1332 யூனிட்டில் பெரும்பகுதி உச்சப் படிகளின் விலையில் கணக்காகியிருக்கும். அடுத்த சுற்றில் யூனிட் ஈடுகட்டப்பட்டாலும், விலை வித்தியாசத்தில் போன பணம் தன்னால் திரும்பாது.

இதே காரணத்தால் தேதியையும் பார்க்க வேண்டும். கணக்கீட்டாளர் 60 நாளில் வர வேண்டியவர் 71-ஆம் நாள் வந்தால், பதினோரு நாள் யூனிட் கூடுதலாகச் சேரும். ஆனால் படிகள் இரண்டு மாதத்துக்கானவையாகவே நிற்கும். 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் சலுகை போய்விடும். அதனால் 490-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 20 யூனிட் இல்லை. "பில் ஜாஸ்தி" என்று எழுதிக் கொடுத்த மனுவுக்கும் "இந்தத் தேதிக்குப் பதில் இந்தத் தேதியில் எடுத்தீர்கள்" என்று எழுதிய மனுவுக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

ரீடிங்கும் சரி, தேதியும் சரி, ஆனாலும் யூனிட் அதிகம் என்றால்? நேராக மீட்டர் மேல் பழி போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். பழைய வாடகை வீடு ஒன்றில், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று மனு எழுதவே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், "தம்பி, மெயினைப் போட்டுவிட்டு மற்ற சுவிட்சை எல்லாம் அணைத்துப் பாருங்கள்" என்றார். ஃபிரிட்ஜ், வைஃபை உட்பட எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு டார்ச்சோடு போய் நின்றேன். மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. தேடினால், மாடிப்படி விளக்கும் கீழே சம்ப் மோட்டாரும் எங்கள் லைனில். யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் எப்போதோ செய்த வேலை. அந்த மனுவைக் கொடுத்திருந்தால் தோற்றிருப்பேன்.

அந்த விளக்கு விளங்காத மர்மம் ஒன்றுமில்லை. மீட்டர் முகத்தில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்பது போல ஒரு எண் அச்சாகியிருக்கும் (உங்கள் மீட்டரில் வேறாக இருக்கலாம்). அதாவது 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். வாளித் தண்ணீரில் போடும் 1000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் போட்டுவிட்டு எண்ணுங்கள். நிமிடத்துக்கு 53 தடவை வாக்கில் மின்ன வேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் கொஞ்சம் முன்பின் இருக்கும். எழுபது, எண்பது என்று போனால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். மெயினையே அணைத்த பிறகும் மின்னினால் சந்தேகமே வேண்டாம், மனு எழுதலாம்.

அந்த மனுவில் "மீட்டரைச் சோதியுங்கள்" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-இல் வந்தன. 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, ரீடிங் நிஜப் பயன்பாட்டோடு பொருந்தவில்லை என்று புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரை வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த விதியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் கொண்டுவந்து மாட்டப்போவதில்லை. மீட்டர் நின்றுபோயிருந்தது, பழுது என்று சொல்லி சராசரி போட்டு பில் வந்தால், எந்த மாதங்களின் சராசரி என்று கேளுங்கள். தமிழ்நாட்டு மின் வழங்கல் விதிகளில் பொதுவாக அதற்கு முந்தைய நான்கு மாதம்தான் அடிப்படை. அந்த நான்கு மாதமும் வீடு பூட்டியிருந்தது, அல்லது கோடை முழுக்க விருந்தாளிகள் இருந்தார்கள் என்றால் அந்தச் சராசரி பொருந்தாது என்று வாதாட இடம் உண்டு.

பணம் விஷயத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. அதில் இரண்டு வகை ஆட்கள். "தப்பான பில்லை ஏன் கட்டணும்" என்று கட்டாமலே இருப்பவர் ஒருவர். கடைசித் தேதி தாண்டி, ஒரு நாள் ஆள் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, பிரச்சினை பில் அல்ல, இருட்டு. இன்னொருவர் பயந்து ஆன்லைனில் முழுவதையும் கட்டிவிட்டு அப்புறம் சண்டை போடுபவர். ஆன்லைனில் எதிர்ப்பை எழுத இடம் கிடையாது. "ஒப்புக்கொண்டுதானே கட்டினீர்கள்" என்ற கேள்விக்கு அவர் தடுமாற வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் நடுவே சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மின்சாரச் சட்டம் 2003-இன் 56(1) பிரிவு. இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் முழுதாகப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதோடு, கேட்ட தொகை ஒன்று, முந்தைய ஆறு மாதம் கட்டிய சராசரியில் போட்ட தொகை ஒன்று, இரண்டில் எது குறைவோ அதை "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று சொல்லிக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. பிரிவு ஆபீஸில் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். கவுன்டரில் "அப்படியெல்லாம் வாங்க மாட்டோம்" என்றால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் குரல் இறங்கும்.

ஆமாம், கடிதம். வாய்ப்பேச்சு ஈபி ஆபீஸில் வாசலோடு சரி. "பார்க்கிறேன்னு சொன்னாருங்க" என்பதை எந்த மேல் ஆபீஸிலும் யாரும் கேட்க மாட்டார்கள். மனுவுக்கு இரண்டு பிரதி. ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியத்தின் புகார் மையம்) எண்ணில் சொல்வதானால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.இ. (பிரிவு ஆபீஸின் உதவிப் பொறியாளர்) அளவில் தீரவில்லை என்றால், மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அங்கும் இல்லையென்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். நேராகக் கோர்ட், முதலமைச்சர் தனிப்பிரிவு என்று தாவுபவர்களின் காகிதம் சுற்றிக்கொண்டு மறுபடி அதே ஏ.இ. மேசைக்கே வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் இந்தப் பாதை வேறு. வந்த கடிதத்தில் அதே மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு என்று இருந்தால், அது தப்பு பில் தகராறு அல்ல. வீட்டு இணைப்பில் கடை நடத்துகிறீர்கள் என்பது போன்ற குற்றச்சாட்டு. அதைக் குறைதீர்க்கும் மன்றம் தொடாது. கடிதம் அனுப்பிய அதிகாரியிடமே ஆட்சேபம் சொல்ல வேண்டும். இறுதி உத்தரவு வந்தால் 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி, 127-இன் கீழ் மேல்முறையீடு. நாளை எண்ணிக்கொண்டே இருங்கள்.

பழைய பாக்கி கதை இன்னொன்று. "ஆடிட்டில் கண்டுபிடித்தோம், நாலு வருஷத்துக்கு முன் குறைவாகப் போட்டிருக்கிறோம்" என்று திடீரென ஒரு தொகை வரும். இரண்டு வருடம் தாண்டினால் கட்டவே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுப் போய்ச் சண்டை போடாதீர்கள். 56(2) பிரிவில் இரண்டு வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் போர்டு செய்த பிழை பின்னால் தெரியவந்தால் கூடுதல் பில் போடலாம், அதற்காக இணைப்பைத் துண்டிக்கத்தான் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகையைத் தவணையாகக் கேட்பதும், கணக்கை வரிவரியாகக் காட்டச் சொல்வதும் பலன் தரும் பேச்சு.

"இன்றிரவு ஒன்பதரைக்கு உங்கள் கரன்ட் கட்" என்று தனி மொபைல் எண்ணிலிருந்து வரும் எஸ்எம்எஸ் ஏமாற்றுவேலை. கூப்பிடாதீர்கள்.

சரி, எல்லாம் முடிந்து பில்லைத் திருத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதிகம் கட்டியது பொதுவாகக் கையில் வராது, வரும் பில்லில் கழியும். அந்த அடுத்த பில் வரும்போது, முந்தைய ரீடிங் என்ற இடத்தில் 5148 இருக்கிறதா என்று பாருங்கள். 6148 அப்படியே நின்றிருந்தால், சீல் வாங்கிய அந்தப் பிரதியோடு மறுபடி படியேற வேண்டியதுதான்.