சாக்லேட்டா, கலரா, இல்ல தூக்கமா? பிள்ளை ஆடுற ஆட்டத்துக்கு காரணம் கண்டுபிடிக்கிற வழி

என் பையனுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு பர்த்டே பார்ட்டிக்கு போய்ட்டு வந்தோம், அன்னிக்கு ராத்திரி சோஃபால ஏறி குதிக்கிறான் திரும்ப ஏறுறான் திரும்ப குதிக்கிறான், சாக்ஸை கழட்டுடான்னு சொன்னதுக்கு தரையில புரண்டு அழுகை, பதினோரு மணி வரைக்கும் தூக்கம் இல்ல. பார்ட்டில நாலஞ்சு சாக்லேட் சாப்பிட்டிருந்தான். அவ்ளோதான், நான் தீர்ப்பு எழுதிட்டேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்டுக்குள்ள சாக்லேட்டே வரல, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு.

அந்த ஒரு வருஷம் வீணா போனதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். சந்தேகம் வந்தா முதல்ல நிறுத்தாதீங்க, முதல்ல எழுதுங்க.

ஏன் எழுதணும்னா, நம்ம கண்ணு நம்மளையே ஏமாத்தும். 1994ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, 5லேருந்து 7 வயசு வரைக்கும் உள்ள 35 பசங்க, அவங்க அம்மாக்கள். பசங்க எல்லாருக்கும் குடுத்தது சர்க்கரையே இல்லாத டிரிங்க். ஆனா பாதி அம்மாக்கள்கிட்ட மட்டும் உங்க பையனுக்கு நிறைய சர்க்கரை குடுத்திருக்கோம்னு சொல்லிட்டாங்க. அந்த அம்மாக்கள் எல்லாம் பையன் ரொம்ப துறுதுறுன்னு ஆயிட்டான்னு மார்க் போட்டாங்க, அதோட விடல, பக்கத்துலயே நின்னு குறை சொல்லிட்டே இருந்தாங்களாம். நான் படிச்சப்ப எனக்கு கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு, பார்ட்டி முடிஞ்ச ராத்திரி நானும் அதே வேலையத்தானே பண்ணேன். சர்க்கரை சாப்பிட்டா பிள்ளைங்க ஆடுவாங்கங்கறது நிறைய ஆய்வுகளை சேத்து பாத்ததுல நிக்கல, 1995லயே அது தெளிவா வந்துடுச்சு. பல்லுக்கும் எடைக்கும் சர்க்கரை கெடுதல்தான், அது வேற கதை.

சரி, நோட்டு எப்படி எழுதுறது. 'இன்னிக்கு ரொம்ப அடம்'னு எழுதாதீங்க, நாளைக்கு படிச்சா ஒண்ணும் புரியாது. எண்ண முடியுறத எழுதுங்க. எத்தனை தடவ அழுதான், எவ்ளோ நேரம், ஒரே இடத்துல உக்காந்து எத்தனை நிமிஷம் படம் வரைஞ்சான், படுத்தது எத்தனை மணிக்கு, தூங்கினது எத்தனை மணிக்கு, ராத்திரி எத்தனை தடவ எழுந்தான். பக்கத்துல சாப்பாடு, நேரத்தோட. மதியம் தூங்கினானா, சளி இருக்கா, வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்களா, இதெல்லாம் கூட. மருந்தையும் எழுதுங்க, இத நிறைய பேர் மறந்துடுறாங்க, சிரப், மெல்லுற விட்டமின் மாத்திரை, பிள்ளைங்க டூத்பேஸ்ட், எல்லாத்துலயும் சேர்க்கிற கலர் இருக்கலாம், அதுவும் சந்தேகப்பட்டியல்ல ஒண்ணு. ரெண்டு வாரம் எதையும் மாத்தாம சும்மா எழுதிட்டே வாங்க.

எங்க வீட்டு நோட்டுல ரெண்டு வாரத்துல மேல வந்தது சாக்லேட் இல்ல (அது வீட்லயே இல்லையே!), ஆரஞ்சு கலர் டிரிங்க். இன்னொண்ணு, மதியம் தூங்காத நாள். ரெண்டும் சேந்து வந்த நாள்ல வீடு போர்க்களம்.

இப்ப லேபிள் படிக்கிற விஷயம். பாக்கெட்ல என்னென்ன சேத்திருக்காங்கன்னு எழுதுற இடத்துல கலருக்கும் மத்த சேர்மானத்துக்கும் நம்பர் போட்டிருப்பாங்க, அத பாத்ததுமே பயப்படாதீங்க, 300னா விட்டமின் சி, 100னா மஞ்சள்ல இருக்குற நிறம், 162னா பீட்ரூட். கவனிக்க வேண்டிய கலர் ஆறு: 102 டார்ட்ரசின், 104 குயினோலின் எல்லோ, 110 சன்செட் எல்லோ, 122 கார்மோய்சின், 124 பான்சோ 4ஆர், 129 அல்யூரா ரெட். சில பாக்கெட்ல எல்லோ 5, எல்லோ 6, ரெட் 40னு இருக்கும், அது முறையே 102, 110, 129 தான், பேரு மட்டும் வேற. கூடவே 211, அதாவது சோடியம் பென்சோயேட், டிரிங்க்ஸ்ல கெடாம இருக்க போடுற பிரிசர்வேட்டிவ்.

இந்த ஆறு எங்கேருந்து வந்துச்சுன்னா, சாப்பாட்டு கலருக்கும் பிள்ளைங்க துறுதுறுப்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு 1970கள்லயே பென் ஃபைங்கோல்ட்ங்கற அமெரிக்க அலர்ஜி டாக்டர் சொன்னாரு, நிறைய பேர் நம்பல. அப்புறம் 2007ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல 3 வயசு பிள்ளைங்களுக்கும் 8, 9 வயசு பிள்ளைங்களுக்கும் கலர், பென்சோயேட் கலந்த ஜூஸும் கலக்காத ஜூஸும் மாத்தி மாத்தி குடுத்தாங்க, எது எதுன்னு பிள்ளைங்களுக்கும் தெரியாது பெத்தவங்களுக்கும் தெரியாது. கலந்தத குடிச்சப்ப சராசரியா கொஞ்சம் துறுதுறுப்பு கூடுச்சு. கொஞ்சம்தான், எல்லா பிள்ளைக்கும் ஒரே மாதிரியும் இல்ல. அதுக்கப்புறம் 2010 ஜூலைலேருந்து ஐரோப்பால இந்த ஆறு கலர் இருந்தா பிள்ளைங்க கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம்னு பாக்கெட்ல போடணும்னு ஆயிடுச்சு. அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட குழு 2011ல, பொதுவா எல்லா பிள்ளைங்களுக்கும் இது காரணம்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னு சொன்னாங்க, 2021ல கலிஃபோர்னியா அரசு அறிக்கை, சில பிள்ளைங்களுக்கு பாதிப்பு வருதுன்னு சொல்லுச்சு. ரெண்டையும் சேத்து படிச்சா சிலருக்கு ஆகும் பலருக்கு ஆகாதுன்னுதான் எனக்கு புரிஞ்சுது, அதனாலதான் உங்க பிள்ளை எந்த பக்கம்னு நீங்களே பாக்க வேண்டியிருக்கு.

நோட்டுல ஒரு பொருள் திரும்ப திரும்ப வந்துச்சுன்னா அத மட்டும் ரெண்டுலேருந்து மூணு வாரம் நிறுத்துங்க. அத மட்டும். பாலு, கோதுமை, முட்டைன்னு ஒரேடியா எல்லாத்தையும் நிறுத்துறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், வளர்ற பிள்ளைக்கு சத்து குறையும், எது காரணம்னும் தெரியாம போயிடும், அந்த மாதிரி பெருசா பண்ணணும்னா டாக்டரோ டயட்டீஷியனோ கூட இருந்தாத்தான். முதல் வாரம் பிள்ளை இன்னும் மோசமா ஆடலாம், புடிச்சத புடுங்கிட்டோமேங்கற கோவமா கூட இருக்கலாம், நோட்டை மூடாதீங்க.

அதுக்கப்புறம்தான் நிஜமான டெஸ்ட்: திரும்ப குடுத்து பாக்குறது. இத நிறைய பேர் செய்யறதே இல்ல, நிறுத்தினோம் சரியாயிடுச்சுன்னு முடிச்சுடுறாங்க, ஆனா சரியானது பரீட்சை முடிஞ்சதால கூட இருக்கலாம் இல்லையா. தோல்ல தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இளைப்பு, சாப்பிட்டதும் வாந்தி, இதுல எது ஒரு தடவ வந்திருந்தாலும் வீட்ல திரும்ப குடுத்து பாக்கவே கூடாது, அது அலர்ஜியா இருக்கலாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.

நாங்க பண்ணது இப்படி. மூடி போட்ட கறுப்பு கப், ஸ்ட்ரா. என் வீட்டுக்காரர் காசை சுண்டி பாத்து, தலை விழுந்தா கலர் டிரிங்க், பூ விழுந்தா அதே ருசில கலர் இல்லாதது, ரெண்டு நாள் குடுப்பாரு, அப்புறம் ரெண்டு நாள் ஒண்ணும் கிடையாது. எனக்கும் தெரியாது பையனுக்கும் தெரியாது, நான் நோட்டுல மார்க் மட்டும் போடணும். பெரிய விஞ்ஞானி மாதிரி ஆரம்பிச்சோம், ரெண்டாவது நாளே பையன் என்கிட்ட வந்து நாக்கை நீட்டுறான், பளிச்சுன்னு ஆரஞ்சு! மொத்தமும் போச்சு. திரும்ப முதல்லேருந்து, இந்த தடவ அவர் முன்னாடியே குடிச்சு, பால் குடிச்சு, வாய் கொப்புளிச்சுட்டுத்தான் என்கிட்ட அனுப்புவாரு. ஆறு சுத்து ஓட்டினோம், என் மார்க்கை வெச்சு அஞ்சு சுத்துல எது கலர்னு சரியா சொல்லிட்டேன். காசை சுண்டினாலும் எப்பவாவது அப்படி விழும், அதனால சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா எங்களுக்கு அது போதும்னு தோணுச்சு. வித்தியாசம் தெரிஞ்சது ஓடி ஆடறதுல கம்மி, அழுகைலயும் தூக்கத்துலயும்தான் அதிகம். முடிஞ்சா டீச்சர்கிட்டயும் எந்த வாரம் எதுன்னு சொல்லாம, பையன் எப்படி இருந்தான்னு மட்டும் கேட்டு வாங்குங்க, நம்மள விட அவங்க மார்க்கை நம்பலாம்.

பாவம் சாக்லேட்டுக்கு வருவோம். அதுல காபில இருக்குற கஃபீனும், அதோட சொந்தக்கார பொருளான தியோப்ரோமினும் இருக்கறது நிஜம். ஆனா 40 கிராம் மில்க் சாக்லேட்ல கஃபீன் சுமார் 10 மில்லிகிராம்கிட்டதான், கறுப்பா கசக்குற டார்க் சாக்லேட்ல அதோட மூணு மடங்கு கூட வரும், ஒரு கேன் கோலால 30க்கு மேல. தியோப்ரோமின் அளவு அதிகம், ஆனா மூளைய உசுப்புற வேலைல கஃபீன் அளவுக்கு வீரியம் இல்ல. பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் கஃபீன் வரைக்கும் கவலை இல்லன்னு ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2015ல சொல்லியிருக்கு, 18 கிலோ பிள்ளைக்கு 54. கணக்கு போட்டா ரெண்டு துண்டு மில்க் சாக்லேட் பக்கத்துல கூட வராது, ஆனா சாயந்தரம் டார்க் சாக்லேட்டும் கோலாவும் சேந்தா தூக்கம் தள்ளிப்போகும், மறுநாள் எரிச்சலை நாம வேற எதுக்கோ கணக்கு எழுதுவோம்.

சாக்லேட்டை டெஸ்ட் பண்ண ஒரு சுலப வழி, வெள்ளை சாக்லேட். அதுல கொக்கோ வெண்ணெய், பால், சர்க்கரை, அவ்ளோதான், கஃபீன் கிட்டத்தட்ட கிடையாது. ஒரு வாரம் பழுப்பு, ஒரு வாரம் வெள்ளை, ஒரே அளவு, ஒரே நேரம், ரெண்டுலயும் கலர் போடாததா பாத்து வாங்குங்க. ரெண்டு வாரமும் ஒரே ஆட்டம்னா கஃபீன் மேல இருக்குற சந்தேகத்தை விட்டுடுங்க. பழுப்பு வாரத்துல மட்டும் தூக்கம் லேட்டானா, நிறுத்தணும்னு இல்ல, மதியத்துக்கு முன்னாடி குடுத்து பாருங்க. மேல கலர் கலரா ஓடு போட்ட சாக்லேட்டை இந்த டெஸ்ட்ல சேக்காதீங்க, அங்க சந்தேகப்பட வேண்டியது அந்த ஓட்டுல இருக்குற கலரைத்தான்.

இன்னொரு விஷயம், எல்லா இடத்துலயும், மாசக்கணக்கா, சாப்பாடு எதுவானாலும் பிள்ளை கவனிக்கவே முடியாம இருந்தான்னா அத கலர் தலைல கட்டாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அளவுக்கு மீறின துறுதுறுப்பும் இருக்குற பிரச்சனை, அது இருக்குற பிள்ளைங்கள்லயே சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் கலரால அறிகுறி கூடுதுன்னு 2012ல ஒரு கணிப்பு வந்துச்சு. சாப்பாட்டை மாத்திட்டேன்னு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

எங்க வீட்ல இப்ப சாக்லேட் திரும்ப வந்தாச்சு, ஆரஞ்சு டிரிங்க் மட்டும் இல்ல, பார்ட்டில குடுத்தா குடிச்சுக்கட்டும்னு விட்டுடுறோம், மறுநாள் எந்த வேலையும் வெச்சுக்கறது இல்ல. பிள்ளைங்க வளர வளர இது மாறலாம்னு சொல்றாங்க, அதனால அடுத்த லீவுல கறுப்பு கப்பை திரும்ப எடுக்கப் போறோம், இந்த தடவ மார்க் போடப் போறது அவங்க அப்பா.