கொலாட்ஸ் ஊகத்தை நிரூபித்துவிட்டேன் என்று சொல்லும் முன்

இரட்டை எண் என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வரும் என்பது கொலாட்ஸ் ஊகம். கேள்வி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் என்பதால் விடையும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நம்பி இறங்குகிறார்கள், அங்கேயே சறுக்கல் ஆரம்பம்.

அடிக்கடி கண்ணில் படும் 'நிரூபணம்' இது: ஒற்றை எண்ணை மூன்று மடங்காக்கிய பிறகு சராசரியாக இரண்டு முறை பாதியாக்குகிறோம், ஆக ஒவ்வொரு சுற்றிலும் எண் சுமார் முக்கால் பங்காகச் சுருங்குகிறது, எனவே 1-ஐ அடைந்தே தீரும். சராசரி சரிதான், ஆனால் அது எந்தத் தனி எண்ணுக்கும் உத்தரவாதம் தராது. 27-ஐப் போட்டுப் பாருங்கள், 9232 வரை ஏறி, 111 படிகள் கழித்துத்தான் 1-க்கு இறங்கும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, பலர் செய்வதே இல்லை. ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் கழியுங்கள். சராசரிக் கணக்கு அப்படியே பொருந்துகிறது, ஆனால் 5, 14, 7, 20, 10, மறுபடி 5 என்று சுற்றிக்கொண்டே இருக்கும், 1 வரவே வராது. உங்கள் வாதத்தில் எந்த வரி இங்கே உடைகிறது? எதுவும் உடையவில்லை என்றால் பொய்யான ஒன்றையும் சேர்த்தே நிரூபித்திருக்கிறீர்கள். எந்தெந்த எண்ணிலிருந்து வரலாம் என்று 1-லிருந்து பின்னோக்கி மரம் வரைந்து, முடிவில்லாமல் கிளை விடுகிறது, அதனால் எல்லா எண்ணும் வந்துவிடும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். கழித்தல் மரமும் முடிவில்லாதது, 5 அதில் கிடையாது.

கணினியில் கோடிக்கணக்கில் சரிபார்த்தேன் என்பதும் நிரூபணம் ஆகாது. 1919-இல் கணிதவியலாளர் போயா எண்களின் பகாக் காரணிகளைப் பற்றிச் சொன்ன ஊகம் முதல் முறை தவறுவது 906150257-இல்!

அப்புறம், 'அடிப்படை நிரூபணம்' (உயர் கணிதக் கருவிகள் இல்லாதது) என்றால் சுலபமானது என்று அர்த்தமில்லை. பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்று சொல்லும் பகா எண் தேற்றத்துக்கு 1949-இல் கணிதவியலாளர்கள் செல்பர்க்கும் எர்டோஷும் கலப்பெண் பகுப்பாய்வு இல்லாமல் வழி கண்டார்கள், ஆனால் படிப்பதற்கு கலப்பெண் பகுப்பாய்வைப் பயன்படுத்தும் 1896-இன் பழைய வழியே தேவலாம் என்பேன்.

சரி, எதைத்தான் செய்வது? சின்னதாக எடுங்கள். தொடங்கிய எண்ணுக்கே திரும்பும், ஒரே ஒரு ஒற்றை எண் உள்ள சுழற்சி வேண்டுமானால் (n அந்த ஒற்றை எண், k எத்தனை முறை பாதியாக்குகிறோம் என்பது) 3n+1 = 2ᵏn, அதாவது n(2ᵏ−3) = 1, ஆகவே n = 1 மட்டுமே. இது முழுமையான நிரூபணம். அடுத்து இரண்டு ஒற்றை எண்களுக்கு முயலுங்கள். கழித்தல் கணக்கில் இரண்டு முறை மூன்றால் பெருக்கி மூன்று முறை பாதியாக்குகிறோம், 3²−2³, அதாவது 9−8 = 1 என்பதால்தான் 5-உம் 7-உம் உள்ளே நுழைகின்றன, கூட்டல் கணக்கில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.